வியாழக்கிழமை வரேன்னு சொன்னவருக்கு

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பீங்கன்னு இன்னும் ஒரு நினைப்பு. நீங்க இருந்தப்போ உங்க பேரை நான் வாயால சொன்னதில்லை. இப்போ எழுதவும் கை வரல. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ எழுத்து இது, தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. உங்களைப் பத்தி எழுதித் தாங்க, சபைப் பத்திரிகைல போடுறோம்னு கேட்டாங்க. போடட்டும். நான் எழுதுறது உங்களுக்குத்தான்.

எதிர்வீட்டு சாவித்திரியோட வீட்டுக்காரர் போன வெள்ளிக்கிழமை தவறிட்டார். கண்டக்டர் வேலை பார்த்தாரே, அவர்தான். டியூட்டில இருக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சிட்டு உட்கார்ந்தாராம். நான் போனேங்க. ரொம்ப நேரம் அவ பக்கத்துல இருந்தேன். அப்புறம் எழுந்து வாசல் வரைக்கும் வந்தேன். உங்க வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு. சொல்லாம வந்துட்டேன். அன்னிலேர்ந்து சோறு இறங்கல.

எமர்ஜென்சி முடிஞ்ச பிறகு, உபதேசியாரா இருந்த உங்களை சபையார் தெற்கே ஒரு கிறிஸ்தவ யுனிவர்சிட்டிக்குப் படிக்க அனுப்பினாங்க. பாஸ்டரல் கவுன்சிலிங்னு சொன்னீங்க. என் வாயில நுழையல. நோயாளிங்ககிட்டயும் துக்கத்துல இருக்கிறவங்ககிட்டயும் எப்படி நடந்துக்கணும்னு சொல்லித் தர்ற படிப்புன்னீங்க. ஆறுதல் சொல்றதுக்கா ரெண்டு வருஷம்னு நான் சிரிச்சேன். அப்புறம் நம்ம வீட்ல அதுக்கு ஆறுதல் படிப்புன்னே பேர் ஆயிடுச்சு.

முதல் லீவுக்கு வந்தப்போ அந்தப் படிப்பை என்கிட்டயே பழகிப் பார்த்தீங்க. சர்க்கரை கம்மியா போட்டுட்டாங்கன்னு ரேஷன் கடைக்காரனை நான் திட்டினா, "கம்மியா போட்டுட்டாங்கன்னு உனக்கு வருத்தமா இருக்கு"ன்னு முகத்தை அக்கறையா வெச்சிக்கிட்டுச் சொல்வீங்க. இன்னிக்குக் கால் வலி ஜாஸ்தின்னா, "வலி ஜாஸ்தின்னு சொல்றே"ம்பீங்க. "நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்ல ஒரு கிளி வாங்கி வளர்த்தா போதுமே, நீங்க எதுக்கு?"ன்னு கேட்டேன். கோவமே வரல உங்களுக்கு. நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கிட்டீங்க. யாரைப் பார்த்துட்டு வந்தாலும் அவங்க பேசினதையும் நீங்க பேசினதையும் அப்படியே எழுதி வாத்தியார்கிட்ட காட்டணுமாமே.

அந்த லீவுலதான் மரகதத்தோட பொண்ணு செத்துப்போச்சு. மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலை ஊர்லேர்ந்து நமக்கு தினம் கீரை கொண்டாந்து போடுற மரகதம். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருந்தாங்க, காய்ச்சல்ல போயிடுச்சு. நாம ரெண்டு பேரும் போனோம். அவ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தா. நீங்க வேதமும் சொல்லல, ஜெபமும் பண்ணல, சும்மா தரையில உட்கார்ந்திருந்தீங்க. இதுக்கா படிக்கப் போனார்னு எனக்குள்ள ஒரு எரிச்சல். எழுந்திருக்கும்போது அவகிட்ட குனிஞ்சு, "வரேம்மா. வியாழக்கிழமை வரேன்"னீங்க.

எழவு வீட்ல வரேன்னு சொல்லலாமாங்க? சொல்லாம எழுந்து போறதுதானே வழக்கம். நம்ம சபையாருங்களும் அப்படித்தானே போறாங்க. அவ கொழுந்தன் துண்டை உதறிக்கிட்டு எழுந்து வந்தான். "இன்னா படிச்சிட்டு வந்துக்கிற நீ? வரேன்றியே, இந்த வூட்ல இன்னொரு பொணம் விழணுமா?"ன்னான். நான் உங்க கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வந்தேன்.

மலை சுத்துற பாதையில வர்றப்போ பூரா உங்களை ஏசினேன். படிச்சுப் படிச்சு இருந்த புத்தியும் போச்சான்னு கேட்டேன். அதுக்கு நீங்க, "எல்லாரும் சொல்லாமலே போறாங்க எஸ்தர். அப்புறம் யாரு வருவாங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"னீங்க.

அது வாய் தவறி வந்ததா, நினைச்சேதான் சொன்னீங்களா? கடைசி வரைக்கும் நான் கேட்கவே இல்லை.

வியாழக்கிழமை போனீங்க. உள்ள விடல. ரோட்டோரம் புளியமரத்தடியில நின்னுட்டு வந்தீங்க. அடுத்த வியாழனும் அதே. மூணாவது வியாழன் மரகதமே ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து கொடுத்தாளாம். அன்னிக்கு அவ பொண்ணைப் பத்திப் பேசினதெல்லாம் கேட்டுட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துட்டீங்க.

படிப்பு முடிச்சு வந்து அஞ்சு வருஷம் நோயாளிங்களைப் பார்க்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா சுத்தினீங்க. அப்புறம் மஞ்சக்காமாலை, இருபதே நாள். வீடு நிறைய ஆளுங்க வந்தாங்க. கர்த்தருடைய சித்தம்னாங்க. ஊழியக்காரர் சம்சாரமே அழுதா விசுவாசம் இல்லைன்னு ஆயிடும், சாட்சி கெட்டுடும்னு ஒரு அம்மா காதுல சொன்னாங்க. நானும் அழாமலே இருந்தேன். அடக்கம் முடிஞ்சு ஒவ்வொருத்தரா சொல்லாம எழுந்து போனாங்க. செருப்பு மாட்டுற சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு. கடைசில மரகதம் எழுந்தா. வாசல்ல நின்னு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வரேம்மா. வியாழக்கிழமை வரேன்"னா.

என் நாத்தனார் அவளை அடிக்கப் போயிட்டாங்க. எனக்கோ அப்பதாங்க அழுகையே வந்துச்சு.

இன்னிக்கு வரைக்கும் ஒரு வியாழன் அவ தவறினதில்லை. முளைக்கீரை கொண்டாந்து வெச்சிட்டு உட்காருவா. சில நாள் உங்க பேச்சு, சில நாள் அவ பொண்ணு பேச்சு. சில நாள் ஒண்ணுமே பேசறதில்லை.

இதெல்லாம் எனக்கு நடந்துச்சே. அப்படி இருந்தும் சாவித்திரி வீட்டு வாசல்ல என் வாய் ஏன் அடைச்சிடுச்சு? அவ மாமியார் பார்த்துட்டு இருந்தாங்க. அந்தப் பயம்தான். மனுஷியைப் பார்க்காம மாமியாரைப் பார்த்தேன்.

நேத்து உங்க பெட்டியைத் திறந்து அந்த நோட்டை எடுத்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிஞ்சுது. மரகதம் வீட்டுக்குப் போன அன்னிக்கு, அவ பேசினதுன்னு ஒரு கோடும் இல்லை. நீங்க பேசினது ஒரே ஒரு வரி, அந்த வியாழக்கிழமை வரிதான். ஓரத்துல வாத்தியார் சிவப்பு மையில, "போனீரா?"ன்னு கேட்டிருக்கார். கீழே நீங்க, "போனேன்"னு எழுதியிருக்கீங்க.

கடைசிப் பக்கம் காலியாதான் இருக்கு. நாளைக்கு வியாழக்கிழமை. மரகதம் வந்ததும் அவளையும் கூட்டிக்கிட்டு சாவித்திரி வீட்டுக்குப் போவேன். திரும்பும்போது, மாமியார் இருந்தாலும் சரி, சாவித்திரிகிட்ட அந்த வார்த்தையைச் சொல்லிட்டு வருவேன். ராத்திரி அந்தக் காலிப் பக்கத்துல ஒரு வரி எழுதுவேன். வாத்தியார் கேட்கலன்னாலும் நீங்க கேட்பீங்க இல்ல?

உங்களைப் புதைச்ச அன்னிக்கு, திரும்பிப் பார்க்காம வான்னு என்னைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க. உங்ககிட்டயும் நான் சொல்லாமதான் வந்தேன். இப்போ சொல்றேன்.

வரேங்க.

உங்க சம்சாரம்,
எஸ்தர்