அரிசிச் சாக்கில் ஒரு மாடிவீடு

இஞ்சாருங்கோ, தெருமுனையில் பழைய வீடு ஒன்றை இடிக்கிறார்கள். ஈரத் துருவும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாசம் காலையிலிருந்து வீட்டுக்குள் வருகிறது. நீங்கள் இருந்திருந்தால் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருப்பீர்கள். ஏதாவது ஜன்னல் சட்டத்தோடுதான் திரும்பி வருவீர்கள்.

மற்றப் பெண்களின் புருஷன்மார் நகை வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு வாய்த்தவர் குப்பைத் தொட்டியிலிருந்து கம்பியும் குழாயும் கொண்டுவந்தார். பெற்றோல் ஸ்டேஷன் வேலை முடிந்து வந்ததும் பின்வளவில் உட்கார்ந்து அவற்றை மாடிமேல் மாடியாகப் பொருத்துவீர்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்த லண்டன் கவுன்சில் அடுக்குமாடிகள்தான் உங்கள் சிற்பங்களுக்கு மாதிரி. ஆனால் உங்கள் மாடி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் இருக்கும். ஏன் என்று கேட்டால், ஊரில் இராணுவத்துக்கு ஓடி ஒளிந்த நினைவில், "ஒரு வாசல் வீட்டிலை ஆமி வந்தால் எங்காலை ஓடுறது?" என்பீர்கள்.

எனக்கோ எந்நேரமும் பயம். அகதிக் கேஸ் முடியாத காலம் அது. திருட்டுச் சாமான் என்று யாராவது சொன்னால் உங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களே. வீட்டுக்காரரைக் கேட்காமல் நீங்கள் ஓர் ஆணிகூட எடுத்ததில்லை. அது எனக்குத் தெரியும், பொலிசுக்குத் தெரியுமா?

அந்தச் சனிக்கிழமை ஸ்ட்ரெதம் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அரிசிச் சாக்குக்குள் குழாய்த் துண்டுகளும், கதவுமணியிலிருந்து கழற்றிய வயர்களும். எதிர்ப்பக்கக் குப்பைத் தொட்டியில் மாடிப்படிக் கைப்பிடி ஒன்றைக் கண்டதும், சாக்கை அங்கேயே வைத்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தீர்கள். லண்டனில் குண்டுப் பயம் இருந்த நாட்கள். வீட்டுக்காரரைக் கேட்க நின்று, கால்மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை. ஆளில்லாத சாக்கைக் குண்டென்று நினைத்துப் பொலிஸ் சுற்றிவர நாடா கட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, விடுங்கோ. பேசாமல் போவம். கேஸ் கெட்டுப்போகும்" என்றேன்.

"என்ரை சாமான். நான் சொல்லாட்டி அந்தப் பொலிஸ்காரப் பெடியன் பயந்து சாகப்போறான். நீர் இதிலை நில்லும்."

நாடாவுக்கு முன்னால் போய், யாரும் சொல்லாமலே முழங்காலில் நின்று சட்டையை நெஞ்சுவரை தூக்கிக் காட்டினீர்கள். உடம்பில் குண்டில்லை என்று ஊரில் ஆமிக்காரருக்குக் காட்டிக் காட்டி வந்த பழக்கம். லண்டன் பொலிசுக்கு அது விளங்குமா? உடம்பிலும் ஏதோ கட்டியிருக்கிறார் என்று நினைத்துக் கத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். கடைசியில் உங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் வீட்டுக்கு வந்து ஜன்னலடியில் நின்றேன். சமைக்கவில்லை, விளக்குப் போடவில்லை. இனி உங்களைக் காணமாட்டேன் என்றே நினைத்தேன். பொழுதுபட ஒரு பொலிஸ் கார் வந்து நின்றது. தோளில் சாக்கோடு இறங்கினீர்கள்.

"என்ரை மாடிவீட்டைப் பொலிசுக்குப் படம் கீறிக் காட்டினனான். அவைக்கும் இரண்டு வாசல் பிடிச்சிருக்கு" என்று சிரித்தீர்கள். அடிக்கத்தான் கை வந்தது. உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கேஸ் பிறகு சரிவந்தது. நான் ஒருநாளும் பயந்திராத நெஞ்சுவலிதான் போன மாரிக் குளிரில் உங்களைக் கொண்டுபோனது.

இப்போதும் தெருவில் சைரன் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். இன்றைக்கு இந்த மனிதர் என்ன செய்து வைத்தாரோ என்று ஜன்னலடிக்கு ஓடுகிறேன். நீங்கள் இல்லை என்பது நினைவு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அந்தக் கொஞ்ச நேரம் முடியாமல் பயந்துகொண்டே இருக்கத்தான் எனக்கு விருப்பம்.