முழுதும் படித்த பிறகு

காஞ்சிபுரம்,
11-1-1972

அன்புள்ள அம்மாவுக்கு, செண்பகவல்லி வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

இங்கே நேற்று ஒன்று நடந்தது. பயப்படாதீர்கள், நல்லபடியாக முடிந்துவிட்டது. நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் தில்லையம்மாளின் மகன் ஏகாம்பரம் பட்டாளத்தில் இருக்கிறான். சண்டை முடிந்தும் அவனிடமிருந்து கடிதமே இல்லை. நேற்று தந்தி வந்தது. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது ‘வருந்துகிறேன்’ என்ற வார்த்தை. “ஐயோ” என்று வாய்வரை வந்துவிட்டது.

“இன்னா டீச்சரம்மா, இன்னா போட்டுக்கினு இருக்குது?” என்று தில்லையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். தறியில் இருந்த அவர் கணவர் நெய்வதை நிறுத்திவிட்டார்.

நான் வாயைத் திறக்காமல் கடைசிவரை படித்தேன். லீவு கிடைக்கவில்லை, தங்கை கல்யாணத்துக்கு வர முடியாது, அவ்வளவுதான். அதையும் நான் முதலில் சொல்லவில்லை. “உங்க பையன் நல்லா இருக்காரும்மா” என்றேன். அதற்குப் பிறகுதான் லீவு விஷயத்தைச் சொன்னேன்.

“கண்ணாலத்துக்கு வராட்டி போறான். உசுரோட கீறானே, அது போதும்மா” என்று என் தோளில் சாய்ந்து அழுதார். சற்று நேரத்தில் தறிச் சத்தம் மறுபடியும் கேட்டது.

யோசிக்காமல் பேசுகிறவள் என்று என்னைத் திட்டுவீர்களே அம்மா, நேற்று நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புங்கள். வாரம் ஒரு கார்டு போடுங்கள். விஷயம் எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எல்லோரும் நலம் என்ற ஒரு வரி போதும். பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
செண்பகவல்லி