அவள் சாட்சி சொன்னாள்

பிப்ரவரி 6, 1922
கடையில் தைக்க வேண்டிய கோட்டுகள் குவிந்து கிடக்கின்றன. கைக்குழந்தைக்குச் சளி. பிரசவத்துக்குப் பிறகு இன்றுதான் என் மனைவி தானே எழுந்து தலைவாரிக்கொண்டாள்.

பிப்ரவரி 9
டாக்டரைப் பார்த்தோம். இன்னொரு பிரசவத்தை இவள் உடம்பு தாங்காது என்றார். வராமலிருக்க என்ன வழி என்று கேட்டேன். தொண்டையைச் செருமினார். "தள்ளிப் படுங்க." கர்ப்பத்தைத் தடுக்கும் வழி எதையும் சொன்னால் சட்டம் அவர்மேல் பாயுமாம்.

பிப்ரவரி 27
சமையலறைத் தரையில்தான் படுக்கிறேன். "என்னைப் புடிக்காம போச்சா?" என்று கேட்டாள். உன்னை இழந்துடுவேனோன்னுதான் பயம்—சொல்லியிருக்கலாம். சொன்னேனா? முதுகுவலி, அது இதுன்னு உளறினேன். மடையன்.

ஏப்ரல் 11
கடைக்குத் துணி தேய்க்க வரும் அக்கா சொன்னார்: ரொட்டிக்கடை மாடியில் ஒரு நர்ஸ், கர்ப்பம் தரிக்காமலிருக்கும் வழியைப் பெண்களுக்குச் சொல்லித்தருகிறாராம். விசாரிக்கப் போனேன். படிக்கட்டு முழுக்கப் பெண்கள். மீசையோடு நான் ஒருவன். நர்ஸ் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. மனைவியை அனுப்பச் சொன்னார்.

ஏப்ரல் 14
போய்வந்தாள். சின்ன ரப்பர் மூடி ஒன்று, அதை வைத்துக்கொள்ளும் முறை. "இவ்வளவுதானா?" என்று நர்ஸிடம் கேட்டாளாம். வீட்டுக்கு வந்து அழுதாள். அம்மாவை நினைத்துக்கொண்டாளாம். அவள் அம்மா ஒன்பதாவது பிரசவத்தில் போனவர்.

ஏப்ரல் 15
சமையலறையில் படுக்கவில்லை.

ஜூன் 2
நர்ஸைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. அவர் சொல்லித்தருவது ஆபாசமாம். அவர் பக்கம் சாட்சி சொல்ல ஒருத்தரும் முன்வரவில்லை. இவள் போகிறேன் என்கிறாள். ஊர் என்ன பேசும்? என் வேலை என்னாகும்? கத்திவிட்டேன். அவள் கத்தவில்லை.
"பேசட்டுமே. கேக்கறதுக்கு நான் உசுரோட இருப்பேன்ல."

ஜூன் 19
நீதிமன்றம். இவள் கூண்டேறி, டாக்டர் சொன்னதையும் நர்ஸ் சொல்லித்தந்ததையும் சொன்னாள். இதையெல்லாம் நாலு பேர் முன்னால் பேச வெட்கமாயில்லையா என்றார் நீதிபதி.
"வெக்கமாத்தான் இருக்குங்க ஐயா. ஆனா எம் புள்ளைங்களுக்கு அம்மா வேணுமே."
நர்ஸுக்கு ஒரு மாதச் சிறை. திரும்பும்போது நடுத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை.

ஜூன் 21
முதலாளி என்னை நிறுத்திவிட்டார். இனி வீட்டிலேயே தையல்.

செப்டம்பர் 8
விடுதலையான நர்ஸுக்கு யாரும் இடம் தரவில்லை. எங்கள் முன்னறை போதும் என்றாள் இவள். இன்று காலை வாசலில் ஏகப்பட்ட செருப்புகள். கைக்குழந்தையை என் தோளில் போட்டு, மற்ற பிள்ளைகளையும் என்னோடு பூங்காவுக்கு விரட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே யாரோ விசும்பும் சத்தம். பிறகு அவள் குரல்.
"உக்காருங்கம்மா. எனக்கும் முதல்ல ஒண்ணும் தெரியாது."