எலிகள் புதைத்த இளமை

மார்ச் 4
என் முட்டி கழன்றுகொண்டிருக்கிறது, ஆனால் எங்கள் ஆய்வுக்கூடத்துக் கிழட்டு எலிகளுக்கு இளமை திரும்புகிறதாம். இன்றைய செய்தித்தாளில் பேராசிரியரும் ஒரு எலியும். எலியைப் பிடித்திருக்கும் கை மட்டும் என்னுடையது. அவருக்கு எலி என்றால் பயம்.

விஷயம் இவ்வளவுதான். இதயம் திணறினால் அதுவே ஒரு ஹார்மோனைச் சுரக்கும். வயது ஏற ஏற அதற்கான மரபணு கூடுதலாக வேலை செய்யும். மூலிகைச் சாறு கலந்த தீனி போட்ட கிழட்டு எலிகளில் அந்த வேகம் பாதியாகக் குறைந்தது. அளந்தவள் நான். 'இதயத்துக்கு இளமை' என்று அளந்துவிட்டவர் அவர்.

மார்ச் 10
அக்கா இதய மாத்திரையை நிறுத்திவிட்டாள்! ஐந்து நாளாக அந்த மூலிகைப் பொடிதான்.

"உங்க ஆளுதானே பேப்பர்ல சொன்னாரு? நீதானே அளந்தே?"

"எலிக்குக்கா! எலிக்கு!"

"எலிக்கு நல்லதுன்னா எனக்கு மட்டும் என்னடி கேடு?"

கால் வீங்கிக் கிடக்கிறது. செருப்பு நுழையவில்லை. நான் அளந்தது இவளைக் கொல்லுமா?

மார்ச் 11
கூண்டு கழுவுகிறவர் விடுப்பு. நானே மரத்தூளைக் கொட்டினேன். அடியில் — தீனி! கசப்பு பொறுக்காமல் இழுத்துப் போட்டுப் புதைத்திருக்கின்றன. மூலிகைக் கூண்டுகளில் மட்டும். நாங்களோ தட்டில் குறைந்ததெல்லாம் வயிற்றுக்குள் போனதாக எட்டு மாதமாக எழுதியிருக்கிறோம்.

கூண்டு கழுவுகிறவருக்குப் போன் போட்டேன். "ஆமாம்மா, வாராவாரம் கொட்டுறேனே. யாரும் கேக்கலையே."

இளமையாம்! பட்டினிய்யா, பட்டினி! மரபணுவின் வேகத்தைக் குறைத்தது மூலிகையா, ஒட்டிய வயிறா, எவனுக்குத் தெரியும்?

மார்ச் 12
பேராசிரியரிடம் சொன்னேன். "எடை குறையறதும் மூலிகையோட பலன்தானே மேடம்? இதைப் பெரிசு பண்ணாதீங்க."

 

மார்ச் 13
பெரிசு பண்ணிவிட்டேன். புதையலைக் கூண்டுவாரியாக எடை போட்டு, கையெழுத்திட்டு, ஆய்வுகளைச் சரிபார்க்கும் குழுவுக்கு அனுப்பியாயிற்று. வேலை போனால் போகட்டும் — என்று எழுதிவிட்டு, சம்பளத் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுகிறாள் வீராங்கனை.

மார்ச் 14
ஒரு கிழட்டு எலி தீனியைக் கடித்து, துப்பி, பின்காலால் மூடுவதைப் போனில் படம் பிடித்து அக்காவிடம் காட்டினேன். நான்கு முறை பார்த்தாள்.

"மூஞ்சியைப் பாரேன். பொடி குடிக்கிறப்போ நானும் இப்படித்தான்டி."

மாத்திரை டப்பாவைத் தேடினாள். "நில்லுக்கா, முதல்ல டாக்டரைப் பார்ப்போம்" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

மார்ச் 24
அக்காவின் கால் செருப்புக்குள் நுழைந்துவிட்டது. டாக்டர் திட்டியதை இன்னும் வருகிறவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டுகிறாள். பொடி டப்பாவில் இப்போது ஊசியும் பொத்தானும்.

காலையில் பேராசிரியர் எலி அறைக்கு வந்தார். முதல் முறையாக. குழு விளக்கம் கேட்டிருக்கிறது. வாசலைத் தாண்டாமலே கூண்டு கழுவுகிறவரிடம், "வாரத்துக்கு எவ்வளவு கொட்டுவீங்க?" என்றார்.

கழுவுகிறவர் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"உள்ள வந்து உக்காருங்க சார். சொல்றேன்."