அண்ணையின் கேடயத்தில் அணைந்த விளக்கு

நோர்பரி, லண்டன்

அன்பு அக்கா அருள்மலருக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்கிறீர்களா? அம்மாவின் கால்வீக்கம் வற்றிவிட்டதா? நான் நல்ல சுகம்.

இங்கே மேயரான நம் யாக்கோப்பு அண்ணை நான் போனில் சொன்னதுபோல், இந்த நாட்டுப் பிரபுக்களைப் போலத் தனக்கென்று ஒரு கேடயச் சின்னம் வரைவித்திருக்கிறார். சனிக்கிழமை அதற்கு விழா. இடியப்பமும் சொதியும் நான்தான் சமைத்துக் கொண்டுபோனேன். அண்ணை மேடையில் ஏறி விளக்கம் சொன்னார். அதில் இருக்கிற படகு மன்னார்க் கடலாம். தனிப் பனை, ஒரு துணையுமில்லாமல் வளர்ந்த அவராம். அணைந்த விளக்கு, போரில் இறந்துபோன நம் அம்மாவாம்.

எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். நானும் நின்றேன்.

ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என்னைக் காட்டி, உறவா என்று கேட்டார். சாப்பாடு கொண்டுவந்த பிள்ளை என்றார் அண்ணை.

பிறகு அவரைத் தனியே மறித்தேன்.

“அண்ணை, அம்மா உயிரோடை இருக்கிறா எல்லே?”

“படம் கீறி முடிஞ்சுது, இனி மாத்த ஏலாது. அவ இஞ்ச வரப்போறாவே? மிஞ்சின சாப்பாட்டை நீ கொண்டு போ.”

நீங்கள் இதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். அம்மாவின் குரலையும் போனில் பதிந்து அனுப்புங்கள், என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

அம்மா ஆசையாகக் கேட்ட சின்னத்தின் படம் இத்துடன் இருக்கிறது. விளக்கு எதற்கென்று கேட்டால், அவவை நினைத்து மகன் வைத்தது என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் தங்கை
பிறேமினி