விதவை என்று எழுத மாட்டேன்

இன்று காலை கடை மேசையின் இழுப்பறையைத் துடைத்தபோது உன் போட்டோ கிடைத்தது. நீ சார்ஜாவுக்குப் போன வருடம் விசாவுக்கென்று நானே எடுத்து, வெட்டியது போக மிஞ்சிய துண்டு. நாலு முகம், நாலிலும் நீ என்னை முறைக்கிறாய். முக்காட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளச் சொன்னதற்குக் கோபம். "சிரிக்காம இரு" என்று நான் சொல்ல, "சிரிக்கிறது நானா நீயாடி" என்று நீ சண்டைக்கு வந்தாய்.

உனக்கு ஒரு சேதி. எனக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

உத்தமபாளையம் கோர்ட்டுத் தெருவில் நாம் இருவரும் சேர்ந்து நடத்திய இந்தக் கடையில் எத்தனை பேருக்கு விண்ணப்பம் போட்டிருப்போம். துபாய்க்கு டிரைவர் வேலைக்குப் போனவர்கள், ஹஜ்ஜுக்குப் போனவர்கள், மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போன கூடலூர் அம்மா. எல்லாருடைய பெயரையும் பிறந்த தேதியையும் தட்டிக்கொண்டிருந்த எனக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியதே இல்லை. நீதான் விடாமல் கேட்பாய். "உனக்கு எப்ப?" நான், "எங்க போகப் போறேன்" என்பேன். சார்ஜாவில் மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்த பிறகு நீ இன்னும் மோசமாகிவிட்டாய். "அங்கன ஒருத்தன் கேக்கலடி, யாரு பொண்டாட்டி, யாரு மகன்னு. புத்தகத்தப் பாத்தான், என் மூஞ்சியப் பாத்தான், சீலு அடிச்சான். அவ்வளவுதான்." போன வருடம் ஆடியில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அந்த வாரம்கூட நீ கேட்டாய். நான் அதே பதிலைத்தான் சொன்னேன்.

என்ன நடந்தது என்று முறையாகச் சொல்கிறேன்.

தம்பிக்குக் கல்யாணமாகி இந்த ஆவணியோடு இருபத்தைந்து வருடம் நிறைகிறது. சென்னையில் இருக்கும் அவன் மகளும் மருமகனும் குடும்பத்தோடு கப்பலில் போகலாம் என்று கிளப்பினார்கள். இரண்டு பயணம் இருந்தது. ஒன்று விசாகப்பட்டினம் போய்த் திரும்புவது, ஆதார் போதும். இன்னொன்று இலங்கைக்கு, அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். மகள், மருமகன், தேனியில் துணிக்கடை வைத்திருக்கும் சம்பந்தி வீட்டார் என எல்லாரிடமும் அது இருந்தது. இல்லாதவர்கள் மூன்றே பேர்: தம்பி, அவன் மனைவி, அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் நான்.

வீடியோ அழைப்பில் பேச்சு நடந்தது. "அத்தை, ஊருக்கே போட்டுக் குடுக்கிறீங்க, நம்ம வீட்டுக்கு மூணு போட மாட்டீங்களா?" என்றாள் தம்பி மகள். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"ஆதார்லயே போற கப்பல் இருக்கில்ல, அதுல போவோம். எதுக்கு மதுரைக்கும் இங்கனயுமா அலையணும்? கடல் எல்லாம் ஒரே கடல்தான்."

அவன் மனைவி அதிர்ந்து பேசாதவள், உனக்குத்தான் தெரியுமே. அன்று அவள் சொன்னாள்: "எனக்கு இலங்கை பாக்கணும். இருவத்தஞ்சு வருசத்துல ஒண்ணு கேக்குறேன்."

அழைப்பு முடிந்ததும் தம்பி என் பின்னாலேயே கொல்லைக்கு வந்தான். அவன் வியாபாரத்துத் திராட்சைப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, "அக்கா, பாரத்துல நீ என்னன்னு போடுவ?" என்று கேட்டான்.

"எதுல?"

"அதான், கல்யாணம் ஆச்சா இல்லையான்னு கேப்பாகல்ல. அதுல."

அப்போதுதான் எனக்கு அவன் பயம் விளங்கியது.

"விதவைன்னு போட்டுரு. சம்பந்தி வீட்டுல அப்படித்தான சொல்லியிருக்கோம். போலீஸ் வேற வீட்டுக்கு விசாரிக்க வருவாக. எதுக்குப் பழசக் கிண்டிக்கிட்டு?"

"விதவைன்னு போட்டா இறப்புச் சான்று கேப்பாகடா. ஆண்டிபட்டியில உசுரோட திரியிற ஆளுக்கு நான் எங்கிட்டுப் போயி அத வாங்குறது?"

"அதுக்குத்தான் சொல்றேன், ஆதார் கப்பல்ல போவோம்னு."

ஒரு பாரத்தில் ஒரு கட்டத்துக்குப் பயந்து ஒரு குடும்பமே வேறு திசையில் கப்பல் ஏறப் பார்த்தது. எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. கோபம் மாடிப்படி ஏறும்போது வந்தது.

அந்த ஆண்டிபட்டிக் கதையை உன்னைவிட யார் அறிவார். இருபது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். எட்டு மாதம் இருந்தேன். வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதற்கு என் பள்ளிச் சான்றிதழ்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். திரும்பவும் கேட்டதற்கு அவன் கைநீட்டினான். மூன்றாவது தடவை கைநீட்டிய மறுநாள் மத்தியானம், கட்டிய சேலையோடு மதுரைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். எங்கள் அப்பா கோர்ட்டு வாசலுக்கு என்னைக் கூட்டிவந்தது, "சேர்ந்து வாழச் சம்மதம்" என்று ஒரு கடுதாசி டைப் அடித்து வாங்க. அங்கே மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நீ. அவர் சொல்லச் சொல்ல நாலு வரி அடித்தாய். பிறகு கையை எடுத்துவிட்டு, அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாய்: "உனக்குச் சம்மதமா ஆத்தா?"

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. "இல்லை" என்றேன். நீ தாளை உருவிக் கசக்கிக் கீழே போட்டாய். அப்பா கத்தினார். "கையெழுத்துப் போடப்போறது அவ. அவ இல்லைங்கிறா. பெறகு நான் என்னத்த அடிக்கிறது?" என்று நீயும் கத்தினாய்.

அடுத்த வாரம் நீயும் நானும் ஆண்டிபட்டிக்குப் போனோம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாய். "பாத்திரம் பண்டம் எதுவும் வேணாம். சர்டிபிகேட்டக் குடுங்க, போயிர்றோம்." அவன் அம்மா வைதாள், அவன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான், தெருவில் கூட்டம் கூடியது. நீ அசையவில்லை. பொழுது சாய்வதற்குள் பீரோ திறந்தது. திரும்பும் பஸ்ஸில் நான் அழ ஆரம்பித்தபோது, "அழுகுறதுன்னா சர்டிபிகேட்டத் தூரப் புடிச்சுக்கிட்டு அழு, மை கலைஞ்சுரும்" என்றாய்.

அப்படி என்னை மீட்டுக்கொடுத்தவளுக்கு நான் செய்தது என்ன? பத்து வருடம் கழித்துத் தம்பிக்குப் பெண் பார்த்தபோது, வாழாவெட்டி ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அப்பா பயந்தார். மாப்பிள்ளை தவறிவிட்டார் என்று சொன்னார். நான் மறுக்கவில்லை. உன்னிடம் வந்து சொன்னபோது நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "உசுரோட இருக்கிறவனுக்கு விதவையா ஒக்காந்த மொத பொம்பள நீதான்டி" என்றாய்.

நீ சொன்னதன் முழு அர்த்தம் தம்பி மகளின் கல்யாணத்தில்தான் எனக்குப் புரிந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை மணமேடையிலிருந்து இறங்கி வருகிறாள். ஆரத்தித் தட்டு எனக்கு முன்னால் கை மாறிக் கை மாறிப் போகிறது. நான் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. நானாகவே ஒதுங்கினேன், சொன்ன பொய்க்குப் பொருத்தமாக. பந்தியிலிருந்து எழுந்து வந்த நீ என் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். வைதிருந்தால் தேவலை.

கொல்லையில் தம்பி பேசிய மறுநாள் காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக என் விண்ணப்பத்தைத்தான் போட்டேன். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர். பிறகு அந்தக் கட்டம். நம் கடைக்கு வந்து தலை குனிந்த எத்தனை பெண்களுக்கு நாமே சொல்லியிருக்கிறோம், 'பிரிந்து வாழ்பவர்' என்று ஒன்று இருக்கிறது, புருஷன் பெயரை எழுதியே தீரவேண்டும் என்றில்லை என்று. எனக்கு நானே அதைச் சொல்ல முப்பத்தைந்து வருடம் ஆனது. தேர்ந்தெடுத்தேன். நீ உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்த்து, "போட்டுட்டேன்டி" என்று சத்தமாகவே சொன்னேன்.

பாஸ்போர்ட் ஆபீசுக்கு மதுரை கிளம்பிய அன்று தம்பி வரவில்லை. அவன் மனைவி வந்தாள்; அவளுக்கும் நானே விண்ணப்பம் போட்டிருந்தேன். பஸ் தேனியைத் தாண்டியதும், அவளிடம் சொல்லிவிடுவது என்று ஆரம்பித்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே, "எனக்குக் கல்யாணமான மறுவருசமே தெரியும் மதினி" என்றாள். அவள் ஒன்றுவிட்ட பெரியப்பா ஆண்டிபட்டிக்காரராம்.

"பெறகு ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

"உன் மக கல்யாணத்துல நான் தூணுக்குப் பக்கத்துல நின்னனே, அப்பவும் தெரியுமா?"

அவள் அப்போதுதான் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது என் தப்பு. தட்ட நான் உங்க கையில குடுத்திருக்கணும்" என்றாள். நான் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்த நாளில்தான் எல்லாம் உடைந்தது. அன்றைக்கென்று பார்த்துத் தேனியிலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார், உறவில் ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க. கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். வந்தவர் நல்ல மனிதர். தாளைப் பார்த்துப் படித்தார்.

"பிரிஞ்சு இருக்கீகன்னு போட்டிருக்கு. கேஸ் கீஸ் ஏதும் நடக்குதாம்மா?"

தம்பி பாய்ந்து வந்தான். "அது தப்பா விழுந்திருக்கு சார். அக்கா விதவை."

"தப்பில்ல" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நான்தான் போட்டேன். அவரு ஆண்டிபட்டியில உசுரோட நல்லா இருக்காரு. நான் வேணாம்னு வந்துட்டேன். கேஸ் எதுவும் இல்ல."

போலீஸ்காரர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. அவர் வண்டி கிளம்பிப் போனது. சம்பந்தியம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்பக் கல்யாணத்துல நீங்க ஏன் ஒதுங்கி நின்னீக?"

"பொய்க்கு மரியாதை குடுத்து நின்னேங்க. இனிமே நிக்க மாட்டேன்."

அவர் எழுந்தார். பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாளில் தேனியிலிருந்து போன் வந்தது: கடையில் வேலை, அவர்களால் கப்பலுக்கு வர முடியாதாம். தம்பி என்னோடு பேச்சை நிறுத்தினான். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தான் போல. நான் கேட்கவில்லை. பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தம்பி மகளின் வாழ்க்கையில் ஏதாவது விரிசல் விழுந்துவிடுமோ என்றுதான் பயம். அவளே போன் பண்ணினாள். "அத்தை, இவருகிட்ட நானே எல்லாம் சொல்லிட்டேன். இதுல என்ன இருக்குங்கிறாரு. மாமியார் கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்குவாங்க, தூக்கட்டும். இலங்கைக்கே புக் பண்ணியாச்சு." கொஞ்சம் நிறுத்தி, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

என் புத்தகமும் தம்பி மனைவி புத்தகமும் தபாலில் வந்து ஒரு வாரம் கழித்து, தம்பி கடைக்கு வந்தான். அவன் மனைவி அவனிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறாள்: "நானும் மதினியும் போறோம். நீங்க வர்றதுன்னா வாங்க." இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றான். முறை வந்ததும் உட்கார்ந்து ஆதாரை நீட்டினான். நானும் எல்லாரிடமும் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெயர். பிறந்த ஊர். கல்யாணம் ஆகிவிட்டதா. மனைவி பெயர். சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்தினான்.

"அப்பா சொன்னாருக்கா. நான் மறுக்கல. அவ்வளவுதான் நான் செஞ்சது."

"நானும்தான் மறுக்கல. மூணு பேருமாச் சேந்துதான் அந்தப் பொய்யச் சொன்னோம். அப்பா போயிட்டாரு, நான் நிறுத்திட்டேன். நீ ஒருத்தன்தான் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்க."

அவன் தரையைப் பார்த்தான். பிறகு, "சரி, மேல கேளு" என்றான். கேட்டேன்.

அடுத்த மாதம் கப்பல். அவன் புத்தகமும் வந்துவிட்டது. சம்பந்தி வீட்டில் இன்னும் பேச்சு வார்த்தை சரியாகவில்லை. சரியாகாமலே போனாலும் போகட்டும். எனக்கு நீச்சல் தெரியாது, கடலை நினைத்தால் பயமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீ போனபின் எனக்குள் ஒன்று தங்கிவிட்டது. யாராவது என்னைப் பற்றி என்னிடமே கேட்டால், இப்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கேட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.