மாதாவுக்குக் கிடைத்த அறை

அண்ணே,

செபமாலை மாதத்துப் பட்டியலை இந்த வருடமும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். ஒக்டோபரில் எந்த மாலை எந்த வீட்டுக்கு மாதா சுரூபம் போகும், மறுநாள் மாலைவரை எங்கே தங்கும் என்று நம் கோயில் வட்டாரக் குழுவான அன்பியத்துக்கு எழுதிக் கொடுக்கும் பதவி. சம்பளம் கிடையாது. ஆனால் யார் வீட்டில் பட்டிஸ், யார் வீட்டில் வெறும் பிஸ்கட் என்று முன்கூட்டியே அறியும் அதிகாரம் உண்டு. காலையில் கடையில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாவது வாரத்தில் பேனா நின்றுவிட்டது. போன வருடம் உங்கள் பெயரை நான் எழுதிய இடம் அது.

ஏன் எழுதினேன் என்று கடைசிவரை உங்களிடம் சொல்லவில்லை. பக்தியால் அல்ல அண்ணே, வம்புக்கு.

புடவைக் கடையில் பன்னிரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். நீங்கள் துணி அளந்தீர்கள். நான் ஊர்க்கதை அளந்தேன். கடை திறக்குமுன்பே மடிப்புக் கலையாத சட்டையோடு வாசலில் நிற்பீர்கள். ஆனால் உங்கள் வீடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "அந்தப் பக்கந்தான் தம்பி" என்பீர்கள். கை காட்டும் திசை மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும். எனக்கு இது போதாதா? பேராதனையில் உங்களுக்கு இரகசியக் குடும்பம் ஒன்று இருப்பதாகக் கடையில் சொல்லி வைத்தேன். அந்த அம்மா ஓய்வுபெற்ற தாதி என்றேன். அவருக்குச் சீனி வியாதி என்றுகூடச் சொன்னேன். பிறகு எனக்கே அவரைப் பார்க்கவேண்டும்போல் ஆகிவிட்டது. அதற்குத்தான் பட்டியல்.

நீட்டியபோது நெடுநேரம் அதையே பார்த்தீர்கள்.

"எங்க வீட்டுக்கா தம்பி?"

"ஏன் அண்ணே, மாதா வரக்கூடாதா?"

"வரட்டுமே. இது வரைக்கும் யாரும் கேட்டதில்ல."

அன்று மாலை முப்பது பேர் பாடிக்கொண்டு வந்தோம். நீங்கள் முன்னால் நடந்தீர்கள். பேராதனைப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று நான் என் மனைவி ஸ்டெல்லாவை முழங்கையால் இடித்தேன். நீங்களோ சந்தைப் பக்கம் திரும்பினீர்கள். பெரிய தூண்கள் வைத்த அந்தப் பழைய வெள்ளைக்காரக் கட்டடத்தின் விறாந்தையில் ஏறி நின்றீர்கள்.

"இதுதாங்க. வாங்க, எல்லாரும் மேல வாங்க."

தரையைக் கழுவி வைத்திருந்தீர்கள். பழப்பெட்டிமேல் நம் கடை வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுதிரி, கேத்தல் நிறையப் பிளேன்டீ. நாங்கள் தினமும் கடந்துபோகும் விறாந்தை. அங்கே பகலில் குடை திருத்தும் முஸ்லிம் பெரியவர், அலவத்துகொட நானா, இரவில் எங்கே போகிறார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஊர்க்கதை அத்தனையும் தெரிந்தவன் நான்! அவர் எங்கும் போவதில்லை. உங்கள் பக்கத்துப் பாய் அவருடையது. தூறல் விழுந்ததும் நானா திருத்தி முடிக்காத குடையொன்றை விரித்து, கடைசி மணி உருளும்வரை மாதாவின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

செபம் முடிந்தது. அன்பியத் தலைவி ஜசிந்தா டீச்சர் பதறிப்போனார்.

"ஐயோ, மாதாவ ரோட்டுல விட்டுட்டுப் போறதா?"

"ஒரு ராத்திரிதானே டீச்சர்," என்றீர்கள். "பெத்லகேம்ல மட்டும் என்ன, பங்களாவா குடுத்தாங்க?"

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. 'பாதுகாப்பு', 'பாதுகாப்பு' என்று ஆளாளுக்கு முணுமுணுத்து, கடைசியில் எல்லோரும் பட்டியல்காரனைப் பார்த்தார்கள். நான் மாதாவைத் தூக்கினேன்.

"பாத்து தம்பி. கழுத்துக்கிட்ட ஒட்டுப் போட்டிருக்கு, அமுக்காதீங்க."

எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது உங்களுக்குத் தெரியும். வயிற்றைக் குறைக்க வாங்கி, கடைசியில் காற்சட்டை காயப்போடப் பயன்பட்ட உடற்பயிற்சி சைக்கிள் அங்கேதான் நின்றது. அதன் பக்கத்தில் மாதாவை வைத்தோம். ஸ்டெல்லா மின்விசிறியைக்கூடப் போட்டுவிட்டாள். கதவைச் சாத்தும்போதுதான் உறைத்தது: கட்டில் காலியாக இருந்தது. சாந்துச் சுரூபத்துக்குக் கட்டில் எதற்கு?

மறுநாள் தேநீர் வேளையில் நீங்களே சொன்னீர்கள், ஏதோ வேறொருவர் கதைபோல. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தது. அப்பா போனபிறகு வீட்டில் யார் பெயரும் தொழிலாளர் பட்டியலான செக்ரோலில் இல்லாததால், அந்த ஓரறைக் காம்பராவைத் தோட்டம் திருப்பிக் கேட்டது. "கொழுந்து பறிச்சாதான் கூரை, தம்பி. தொரை கப்பலேறிட்டாரு, அவரு போட்ட ரூல்ஸ் ஏறல." கண்டிக்கு வந்து போர்டிங்கில் இருந்தீர்கள். அதையும் வெளிநாட்டவருக்கான 'ஹோம்ஸ்டே' ஆக்கிவிட்டார்கள். "வீடு மாதிரி இருக்கணுமாம். அதுக்கு நாங்க வெளிய போகணுமாம்." சொல்லிவிட்டு நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள்.

அடுத்த கூட்டத்தில், மாதா கதவுள்ள வீடுகளுக்கு மட்டுமே போவார் என்று ஒரு வரி சேர்த்தோம். எழுதியது என் கை.

அந்த அறையை ஒதுக்கிவிட்டு உங்களைக் கூப்பிடுவோம் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். சைக்கிளை விற்றபிறகு என்றேன். பெயின்ட் அடித்தபிறகு என்றேன். பத்து மாதம் போய்விட்டது. நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் உங்கள் கண்ணைப் பார்க்காமல் பகிடி விடப் பழகிக்கொண்டேன்.

பிறகு ஓகஸ்டில் பெரஹர ஊர்வலத் திருவிழா வந்தது. ஊருக்குச் சோடனை போடுமுன் விறாந்தைகளைத் துப்புரவாக்க வேண்டுமே. அந்தத் தூண்களைப் படம்பிடிக்கப் பார்வையாளர்கள் வருவார்கள். தூணடியில் படுத்திருப்பவர்கள் படத்தில் விழக்கூடாது. வீடில்லாதவனைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனான். நாங்கள் அதைத் தூசு தட்டி, வருடத்துக்கொருமுறை பாவிக்கிறோம். விறாந்தையில் படுப்பவர்களை அள்ளிப்போகப் பொலிஸ் லொறி வந்தபோது, தேய்த்த சட்டையோடு நின்ற உங்களை அவர்கள் கவனிக்கவே இல்லையாம். நீங்களாகத்தான் ஏறினீர்களாம். குடைக்கார நானாதான் பிறகு என்னிடம் சொன்னார்: "எனக்குக் கால் ஏலாது, நடக்க முடியாது தம்பி. குடைக்கட்ட அவருதான் தூக்கிட்டு வந்தாரு."

கண்டியைவிட்டு வெகுதூரம் தள்ளி, கலகெதரைக்கு அப்பால் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். மழை. நானாவைத் தாங்கிக்கொண்டு நடந்தே திரும்பியிருக்கிறீர்கள். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, கடைய யாரு தெறந்தா?" என்று கேட்டீர்கள். மறுநாள் அதுவும் கேட்கவில்லை.

மரணப் பதிவுக்கான படிவத்தை நிரப்பும்போது எழுதுவினைஞர் நிமிராமலே கேட்டார்: "அட்ரஸ்?"

என் வீட்டு இலக்கத்தைச் சொன்னேன்.

"ஒங்க வீட்டுலயா இருந்தாரு?"

"ஆமாங்க."

"எவ்வளவு காலமா?"

"ரொம்ப நாளா."

எழுதி, கையொப்பம் வாங்கி, முத்திரை குத்திவிட்டார். என் ஆயுளில் நான் சொன்ன எந்தப் பொய்யையும் யாரும் இவ்வளவு சுலபமாக நம்பியதில்லை அண்ணே. தாதியையும் அவர் சீனி வியாதியையும் ஊர் முழுக்கச் சொன்னேன். இதை மட்டும் ஸ்டெல்லாவிடம்கூடச் சொல்லவில்லை.